மாமாவின் கணையம்

எலிகளிடம் எனக்குப் பிடித்த குணம், என்ன தின்றோம் என்பதை அவை மறைப்பதில்லை. மறைக்க வழியும் இல்லை. அவற்றுக்குத் தின்னக் கொடுப்பதே நாங்கள்தான். மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் எங்கள் பிரிவின் பாடு கல்லீரல் காயம். ஒரே மருந்தை நாலு பேர் சாப்பிடுகிறார்கள். மூன்று பேர் ஜம்மென்று இருக்கிறார்கள். நாலாமவரின் கல்லீரல் மட்டும் புண்ணாகிப் போகிறது. ஏன் அவருக்கு மட்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. அதே மாடியில், வராந்தாவுக்கு அந்தப் பக்கம், கணையக் கட்டிகளை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பிரிவுக்கும் பொதுவாக ஒரு குளிர்பெட்டி. அதில் யாருடைய டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. அந்தச் சண்டையில் என் குரல்தான் உரத்தது என்று அந்தப் பக்கத்தில் பேச்சு. உண்மைதான்.

உரத்த குரல் எனக்கு மாமாவிடமிருந்து வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மல்லிகையும் பிச்சியும் மஞ்சள் கேந்தியும் சாக்குச் சாக்காக வந்து இறங்கும் காலை நேரத்தில் அவர் விலை கூறினால் தெருமுனையில் நிற்பவருக்கும் கேட்கும். அப்பா வளைகுடாவில் இருந்த வருடங்களில் என் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களுக்கெல்லாம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர் அவர்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், "எம் மருமவ எலிக்கு வைத்தியம் பாக்கா. இங்கன உள்ள எலியெல்லாம் சீட்டு வாங்க மதுரைக்குப் போயிட்டு" என்பார்.

போன வருடம் எங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த கையோடு அவருடைய கண் மஞ்சளானது. மார்க்கெட்டில் ஒருவர், "அண்ணாச்சி, கண்ணு மஞ்சளால்லா இருக்கு" என்று கேட்டதற்கு, "காலையில இருந்து கேந்தியவே பாத்துக்கிட்டு இருக்கேம்லா, அதான்" என்று சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டாராம். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. சட்டை தொளதொளவென்று ஆனது. மாமாவின் மனைவி, என் அத்தை, போன் செய்து விவரம் சொன்னாள். "வலி மட்டும் ஒண்ணும் இல்லட்டி. அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றாள்.

எனக்கு அதுதான் பயம். அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு வலியே இல்லாமல் காமாலை வந்தால், வராந்தாவின் இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்போம். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி வந்தால் அது பித்தக்குழாயை நெரித்துவிடும். போக வழியில்லாத பித்தம் ரத்தத்தில் ஏறி ஆளை மஞ்சளாக்கும். வலி வருவதற்கு நாளாகும். உடனே மதுரைக்கு வரச் சொன்னேன். "முகூர்த்த நாளு வருதுட்டி, யாவாரத்த விட்டுட்டு எப்பிடி? அடுத்த வாரம் பாப்போம்" என்றார் மாமா. நான் போனில் போட்ட சத்தத்தில் வராந்தாவின் இரண்டு பக்கமும் வேலை நின்றது. மறுநாள் வந்துவிட்டார்.

ஸ்கேனில் கட்டி இருந்தது. கணையத்தின் தலைப்பகுதியில், சின்னதாக. துணுக்கு எடுத்துப் பார்த்து, புற்றுதான் என்று உறுதி செய்தார்கள். கணையத்தோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டும் தோழி ஒருத்தி அந்தப் பக்கத்தில் உண்டு. அவள் படங்களைப் பார்த்துவிட்டு, "தலையில வந்தது உங்க மாமாவோட யோகம். வால்ல வந்திருந்தா மஞ்சளே வந்திருக்காது, இது வாயே திறந்திருக்காது" என்றாள். யோகம் என்று அவள் சொன்னதைக் கேட்டு அவளை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. கட்டி முக்கியமான ரத்தக்குழாய்களைத் தொடவில்லை. இப்போதே எடுத்தால் முழுசாக எடுத்துவிடலாம் என்று அறுவை சிகிச்சை டாக்டரும் சொன்னார்.

ஒரு சிக்கல் இருந்தது. அவ்வளவு மஞ்சளோடு அத்தனை பெரிய ஆபரேஷனைக் கல்லீரல் தாங்காது. அதனால் வாய் வழியாகக் குழாய்விட்டு, அடைபட்ட பித்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்துப் பித்தம் இறங்க வழி செய்தார்கள். சில வாரம் ஊரில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். மஞ்சள் இறங்க வேண்டும், கல்லீரல் தெளிய வேண்டும், அதுவரை கட்டி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடி வந்தால் மாமா பிழைப்பார். அதை நான் யாரிடமும் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை.

முதல் ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் நன்றாக இறங்கியிருந்தது. மாமா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மற்றவர்கள் விலை கூறுவதைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டதாக அத்தை சொன்னாள். அடுத்த பரிசோதனையில் எல்லாம் தலைகீழானது. கல்லீரல் செல்கள் நொறுங்கும்போது ரத்தத்தில் கொட்டும் என்சைம்கள் எகிறி இருந்தன. மஞ்சளும் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. ஸ்டென்ட் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. காய்ச்சல் இல்லை, கிருமி இல்லை, வைரஸ் இல்லை. "நாங்க கொடுத்தது தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு சொட்டு கெடையாது சார்" என்றார் மாமா, மார்க்கெட்டில் விலை முடிப்பது போன்ற உறுதியோடு. ஆபரேஷன் தள்ளிப்போனது. ரொம்பத் தள்ளினால் எடுக்க முடிகிற கட்டி எடுக்க முடியாததாக மாறலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அந்த ரிப்போர்ட்டை என் மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி எண்களை அன்றாடம் பார்க்கிறவள் நான். விழுங்கிய ஏதோ ஒன்றினால் அடிபட்ட கல்லீரல் இப்படித்தான் பேசும். அது எலியாக இருந்தால் கூண்டைத் திறந்து பார்ப்பேன். இது பூக்கடை முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போனேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை எனக்கு ஒரு சட்டியிலிருந்தும் மாமாவுக்கு வேறொரு சின்னச் சட்டியிலிருந்தும் கூட்டு வைத்தாள். எண்ணெய் குறைத்துச் சமைத்திருப்பாள் என்று நினைத்து, அந்தச் சின்னச் சட்டியிலிருந்து எனக்கும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன். வாயில் வைத்தால் எண்ணெயும் உப்பும் புளியும் இல்லாமல் சப்பென்று இருந்தது.

"அத்தை, உப்புப் போட மறந்துட்டீயளா?" என்று கேட்டேன்.

அத்தை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மாமாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் யாரும் அவருக்கு உப்பைத் தள்ளச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு மனுஷன் உப்பு, புளி, எண்ணெய் மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டால் அதற்கு ஒரே காரணம்தான். காமாலைக்குப் பச்சிலைச் சாறு குடிக்கிறார் என்று அர்த்தம்.

இதைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காமாலைக்குச் சாறு கொடுக்கிற குடும்பங்கள் எங்கள் சுற்று வட்டாரத்தில் உண்டு. விடிகாலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். என்ன இலை என்று கொடுப்பவர் சொல்ல மாட்டார். காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். குடிப்பவரும் வெளியே மூச்சு விடக் கூடாது, சொன்னால் பலிக்காது. பத்தியத்தைப் பாதியில் முறித்தால் இறங்கிய மஞ்சள் இரண்டு மடங்காக ஏறும் என்பார்கள். கொடுத்தவரே வந்து போதும் என்று சொல்லி, தன் கையால் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தால்தான் பத்தியம் முடிந்ததாகக் கணக்கு. சாதாரணமாக வரும் காமாலை தானாகவே இறங்கிவிடும். பெயர் சாற்றுக்குப் போகும். அதனால் யாருக்கும் பெரிதாக நஷ்டம் இல்லை. மாமாவுக்கு வந்தது சாதாரணக் காமாலை இல்லை.

"மாமா, சாறு குடிக்கீயளா?"

"என்ன சாறு? நான் ஒண்ணும் குடிக்கல."

"பொறவு உப்பு எதுக்கு இல்ல?"

"பிரஷருக்கு நல்லதுன்னு டிவியில சொன்னாம்லா."

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வரிசையாக வராது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, டாக்டர் முகத்துக்கு நேரே பொய் சொல்லலாமா, கட்டி உங்களுக்காகக் காத்திருக்குமா, அத்தையைத் தனியாக விட்டுப் போகப் போகிறீர்களா என்று என்னென்னவோ கத்தினேன். மார்க்கெட்டையே அதட்டுகிறவர் தலையைக் குனிந்து அந்த உப்பில்லாத சோற்றை மெல்ல மெல்லப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் எதிர்த்துச் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அத்தைதான் கொல்லைப்புறத்தில் வைத்துச் சொன்னாள். ஸ்டென்ட் வைத்து ஊருக்கு வந்த மறுநாளே மாமா தனியாகப் போய்ச் சாறு குடிக்கத் தொடங்கிவிட்டார். "மொத டெஸ்ட்ல கொறஞ்சுதுல்லா, அது சாறுனாலதான்னு நெனைக்காவ. முழுசும் எறங்கிட்டா கத்தியே வைக்க வேண்டாம்லான்னு மனசுக்குள்ள ஒரு ஆசை. வயித்தக் கிழிக்கப் போறாவன்னு ரொம்பப் பயந்துட்டாவட்டி. வெளிய காட்டிக்க மாட்டாவ."

அதைக் கேட்டதும் என் கோபம் வடிந்துவிட்டது. எங்களுக்கு மஞ்சள் என்பது கட்டி போட்ட கூப்பாடு. மாமாவுக்கு மஞ்சள்தான் நோயே. அது போனால் எல்லாம் போச்சு என்று அவர் நம்பியிருக்கிறார். இதை யாருமே அவரிடம் உட்கார்ந்து விளக்கவில்லை.

"எங்கன குடிக்காவ?" என்று கேட்டேன். அத்தை சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "வா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

திருவேங்கடம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, வழியில் ஒரு ஊரில் இறங்கினோம். சாறு கொடுப்பவர் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிற ஒரு பெண்மணி. மாமனார் வழியில் வந்த வைத்தியமாம். வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பெரிய வழக்கையே நடத்திக்கொண்டு வந்திருந்தேன். அதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. கணையத்தில் கட்டி என்றதுமே அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"கட்டியா? எங்கிட்ட சொல்லலியேம்மா. ஸ்கேன் எதும் எடுத்தீயளா அண்ணாச்சின்னு கேட்டேன். இல்லன்னுட்டாவ. ஆஸ்பத்திரிக்கே போவலன்னுல்லா சொன்னாவ. கட்டின்னு தெரிஞ்சா நான் தொட மாட்டேன். எங்க மாமனார் காலத்துல இருந்தே அது கெடையாது."

மாமா ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் மறைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் சாற்றைச் சொல்லவில்லை. சாறு கொடுக்கிற இடத்தில் ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் நிறுத்துவாவ" என்றேன்.

"சொல்லி அனுப்புனா கேக்க மாட்டாவ. நானே வாரேன்" என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு பொட்டலத்தில் கல் உப்பு எடுத்து வந்தார். எங்களை முன்னால் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் அந்த அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெரிய தப்பு செய்து மாட்டிக்கொண்ட முகம். அவர் மாமாவைத் திட்டவில்லை. "அண்ணாச்சி, மருந்து போதும். நான் முடிச்சு வைக்கேன். ஒரு கொறையும் வராது. நாளைக்குத் தலைக்கு ஊத்திக்கிடுங்க. ஆஸ்பத்திரில சொல்லுததக் கேளுங்க" என்றார். மாமா வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். உப்பு நாக்கில் பட்டதும் அவர் கண்கள் நிறைந்தன. பத்தியம் முடிந்ததாலா, இல்லை பயத்தை இனி ஒளித்துவைக்க வேண்டாம் என்பதாலா, எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா கிளம்பும்போது நான் தயங்கித் தயங்கி, அது என்ன இலை என்று கேட்டேன். எங்கள் கூடத்தில் பரிசோதித்துப் பார்க்கலாம் என்றேன். "பேரு சொல்ல மாட்டேம்மா. சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். வாசல்படி வரைக்கும் போனவர் திரும்பி, "வேணும்னா அரைச்சுத் தாரேன். நீயே கண்டுபுடிச்சிக்கோ" என்றார். மறுநாள் காலையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் பச்சை விழுது வந்தது. அது இப்போது எங்கள் பொதுக் குளிர்பெட்டியில், அந்தப் பக்கத்துக்காரர்களின் தட்டில், என் பிடிவாதத்தால் இடம் பிடித்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை. நூறு பேருக்கு ஒன்றும் செய்யாத இலையாகவே இருக்கலாம். பித்தம் தேங்கி ஏற்கனவே தள்ளாடிக்கொண்டிருந்த கல்லீரலுக்கு மட்டும் அது கூடுதல் சுமையாகியிருக்கலாம். என் பிழைப்பே அந்தக் கேள்விதான். சொந்த மாமாவை வைத்து அதைப் படிக்க நேரும் என்று நினைக்கவில்லை.

உப்பு வைத்த அன்று சாயங்காலமே மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். மார்க்கெட் சந்தின் வாசலில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உள்ளே ஆளும் சாக்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டால் கூட்டம் குறையும். அந்தச் சின்ன வாசல்தான் ஸ்டென்ட். ஆனால் லாரி அங்கேயேதான் நிற்கிறது.

மாமா யோசித்தார். "கூட்டம் கொறஞ்சாலும் லாரி நிக்கும்."

"ஆமா."

"அத எடுத்தாத்தான் யாவாரம்."

"ஆமா மாமா."

"இத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா நான் எதுக்குட்டி அவ்ளோ தூரம் போயி அந்தக் கசப்பக் குடிக்கேன்?" என்றார். கோபத்தைப் பழையபடி என் மேலேயே திருப்பிவிட்டதில் எனக்கு ஒரு நிம்மதி. இரவு சாப்பாட்டுக்கு ஊறுகாய் கேட்டார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் மாமாவைக் கண்டிப்பார் என்று பயந்தேன். "சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் என்சைம்கள் இறங்கின. கல்லீரலைப் போல ரோஷமில்லாத உறுப்பு வேறில்லை. அடித்தாலும் உதைத்தாலும், அடிப்பதை நிறுத்தினால் போதும், பேசாமல் எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். எத்தனையோ எலிகளில் அதைப் பார்த்திருக்கிறேன். மாமாவின் ரிப்போர்ட்டில் பார்த்தபோது, வேலை நேரம் என்றும் பாராமல் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

இந்தக் காத்திருப்பில்தான் அத்தைக்குக் கோவிலில் உரு செலுத்த வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊர்க் கோவில் வாசலில் வெள்ளித் தகட்டில் வெட்டிய கண், கை, கால், பாம்பு, தேள் எல்லாம் விற்பார்கள். எந்த உறுப்பில் நோவோ, எந்த ஜந்துவிடம் பயமோ, அதை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். கணையம் இல்லை. கடைக்காரருக்குக் கணையம் என்றால் என்னவென்று தெரியவில்லை. வயிறு உருவைத் தருகிறேன், எல்லாம் வயிற்றுக்குள்தானே இருக்கிறது என்றிருக்கிறார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் போன் செய்து, "நீ வரைஞ்சு அனுப்பு. பொதுவாப் போட்டா அம்மனுக்கு எங்கன பாக்கணும்னு தெரியாதுல்லா" என்றாள்.

கணையத்தை எத்தனையோ கருத்தரங்குக்கு அந்தப் பக்கத்தினர் வரைந்திருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கியிருக்கலாம். நானே வரைந்தேன். தலை அகலமாக, வால் கூராக, கொஞ்சம் வளைந்து. தகடு வெட்டும் ஆசாரி அதைப் பார்த்துவிட்டு, "இது கெண்ட மீனுல்லா?" என்றாராம். "மீனு இல்லய்யா, எங்க வீட்டுக்காரருக்க கணையம்" என்று அத்தை அவரை ஒரு பிடி பிடித்திருக்கிறாள். வெட்டி வந்ததை உண்டியலில் போடும் முன்னால் மாமா கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். "இத்தன நாளா இவன் உள்ள இருக்கதே தெரியாம இருந்திருக்கேன்" என்றாராம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மாமா என்னைப் பார்த்தார். "நீயா வெட்டிப் பாப்ப?"

"நான் கல்லீரல் பக்கம் மாமா. கணையம் எதுத்தாப்புல. பேரு போட மாட்டாவ. யாருக்க கட்டின்னு அவியளுக்கே தெரியாது."

"பேரு வேண்டாம். மொத ரகச் சரக்கு வருதுன்னு மட்டும் சொல்லி வையி" என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இதுல இருந்து எதாவது தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்று சொன்னேன். ஒரு கட்டியிலிருந்து கொஞ்சம்தான் தெரியும், நிறையக் கட்டிகள் சேரச் சேர நிறையத் தெரியும், அந்தத் தோழி போன வருடத்தைவிட இந்த வருடம் அதிகமாகச் சிரிக்கிறாள் என்றேன். அவருக்கு அந்தக் கடைசி விஷயம் பிடித்திருந்தது.

காலையில் அவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கு முன்னால் டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தி ஒன்று சொன்னார். ஸ்கேனில் தெரியாத சிறு பரவல் சில பேருக்கு உள்ளே இருக்கும். முதலில் உள்ளே பார்ப்போம். அப்படி எதுவும் கண்ணில் பட்டால் கட்டியைத் தொடாமல் மூடிவிட்டு வந்துவிடுவோம். அப்படியானால் சீக்கிரம் வெளியே வருவோம். எதுவும் இல்லையென்றால் நாள் முழுக்க வேலை இருக்கும்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. காத்திருக்கும் கூடத்தில் அத்தை, அம்மா, நான் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, சீக்கிரம் முடிஞ்சு நல்லபடியா வெளிய வந்திரணும்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அதே அம்மனிடம், தயவுசெய்து அவள் சொல்வதைக் கேட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கதவு திறக்கும்போதெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிடுவார்கள். அந்தக் குடும்பம் எழுந்து ஓடும். அத்தை அவர்களைப் பொறாமையோடு பார்ப்பாள். "நமக்குப் பொறவு போனவியெல்லாம் வந்தாச்சு" என்பாள். பதினொரு மணி தாண்டியது. மதியம் ஆனது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத எனக்குப் பசித்தது. கான்டீனுக்குப் போய் ரெண்டு இட்லி தின்றேன். திரும்பி வந்தபோதும் யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. எனக்குள் ஏதோ ஒரு கட்டு மெதுவாக அவிழத் தொடங்கியது. பக்கத்தில் அத்தையின் முகமோ நேரம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே வந்தது.

மூன்றரை மணி வாக்கில் அவள் உடைந்துவிட்டாள். "இவ்ளோ நேரமா என்னத்தட்டி செய்யுதாவ? எதோ ஆகிப்போச்சு. நம்மகிட்ட சொல்ல மாட்டேங்காவ" என்று என் தோளில் சாய்ந்து குலுங்கினாள். அம்மாவும் சேர்ந்து அழத் தொடங்கினாள். இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நேரமாகிறது என்றால் உள்ளே பரவவில்லை, கட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம் என்றேன்.

அத்தை அழுகையை நிறுத்தினாள். என்னை முறைத்தாள். "காலையில இருந்து நான் என்ன வேண்டுதேன்னு கேட்டுக்கிட்டே பக்கத்துல இருந்தியே ஏட்டி" என்றாள். பிறகு அவசரமாகக் கண்ணைத் துடைத்து, கைகூப்பி, முகட்டைப் பார்த்து, "தாயே, தெரியாம கேட்டுட்டேன். மெதுவாவே செய்யட்டும். ஒரு அவசரமும் இல்ல" என்றாள். அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் கதவு திறக்கக் கூடாது என்று காத்திருந்தோம். அத்தை காபி குடித்தாள். நாலரை ஆனபோது, "இன்னும் வரல" என்று திருப்தியோடு சொன்னாள். ஐந்து ஆனபோதும் சொன்னாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் கதவு திறந்தது. டாக்டரே வந்தார். பச்சைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது, மூக்கின் மேல் முகக்கவசத்தின் தடம் பதிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார். அத்தை எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சார், அதுக்குள்ள வந்துட்டீய?" என்றாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "காலையில இருந்து நின்னுகிட்டே இருக்கேம்மா" என்றார். "முழுசா எடுத்தாச்சு."